காப்புக் கட்டிய வாரத்தில் கொடுத்த தண்ணீர்

போன வாரம் செந்தூலில் எங்கள் அடுக்குமாடிக்குச் சில நாள் தண்ணீர் இல்லை. திரும்ப வந்தபோதும் நிம்மதி இல்லை. குழாயைத் திறந்தால் முதலில் வெறும் காற்று, அப்புறம் தேநீர் நிறத்தில் ஒரு வாளி. பக்கத்து வீட்டு ஆன்டி மூக்கைப் பொத்திக்கொண்டு நிர்வாகத்தைத் திட்டினார். நான் கிறுக்கச்சி மாதிரி வாளிக்குள் குனிந்து முகர்ந்துகொண்டிருந்தேன். துருப்பிடித்த ஆணியை வாயில் வைத்தது போல ஒரு வாடை. அதே வாடையை ஒரு பள்ளிக்கூடத்தில் முகர்ந்திருக்கிறேன்.

ரவாங்கைத் தாண்டி, பெரிய சாலையை விட்டிறங்கி, செம்பனை மரங்களுக்கு நடுவே செம்மண் பாதையில் வெகுதூரம் போனால் அந்தத் தமிழ்ப்பள்ளி இருந்தது. அப்போது நான் சுபாங் ஜெயாவில் ஒரு வங்கியில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். சனிக்கிழமையை வீட்டில் தூங்கிக் கழிக்கத் தெரியாத வயசு. பிரிக்பீல்ட்ஸில் எங்கள் தேவாலயத்து ஊழியக் குழு அந்தப் பள்ளிக்கு நல்ல தண்ணீர் கொடுக்கக் கிளம்பியது. நானும் சேர்ந்துகொண்டேன். பரிசுத்தமான காரணம் ஏதாவது சொல்ல ஆசைதான். கிட்டார் வாசிக்கிறவன் அந்தக் குழுவில் இருந்தான், அவ்வளவுதான். அவன் இப்போது மெல்பர்னில் இருக்கிறான், அது வேறு கதை.

குழாய்த் தண்ணீர் அந்தப் பாதைக்குள் வந்ததே இல்லை. பள்ளிக்கும் தோட்டத்து வீடுகளுக்கும் ஓர் ஆழ்கிணறும் பம்பும்தான். இறைத்துக் கொஞ்ச நேரத்தில் தண்ணீர் மஞ்சளாகிவிடும். வயிற்றுவலியென்று பிள்ளைகள் மாறி மாறி லீவு போடுவார்கள். அந்தத் தண்ணீரில் துவைத்துத் துவைத்து வெள்ளைச் சட்டையெல்லாம் பழுப்பாகிவிட்டிருந்தது. நகரத்துக்கு விளையாட்டுப் போட்டிக்குப் போனால் மற்றப் பிள்ளைகள் அந்த நிறத்தைப் பார்த்து 'தே தாரிக் ஸ்கூல்', அதாவது பால்தேநீர்ப் பள்ளி, என்று கத்துவார்களாம். தலைமையாசிரியை பரமேஸ்வரி டீச்சர் வயிற்றுவலியைப் பற்றி நிதானமாகத்தான் சொன்னார். சட்டையைப் பற்றிச் சொல்லும்போது அவருக்குக் குரல் உடைந்துவிட்டது.

எங்கள் குழுவுக்குத் தலைவர் டேவிட் அங்கிள். ஓய்வுபெற்ற பொறியாளர், சபை மூப்பர், தானும் ஒரு தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். வேலையில் அவரைக் குறை சொல்ல முடியாது. மணலும் கரியும் நிரப்பிய வடிகட்டி, மேலே ஒரு பெரிய வெள்ளைத் தொட்டி, பிள்ளைகள் உயரத்துக்குக் குழாய்கள். சனிக்கிழமைதோறும் மணல் வாளி தூக்கி என் கையெல்லாம் கொப்புளம். கடைசியில் தெளிந்த தண்ணீர் வந்த அன்று டீச்சர் அதைக் கண்ணாடிக் குவளையில் பிடித்து வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார். அங்கிள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதோடு நாங்கள் வீட்டுக்குப் போயிருக்க வேண்டும்.

"அங்கிள், அப்படியே தொறந்து விட்டுடுங்க. விழா கிழா வேணாம்," என்றார் டீச்சர். "அம்மன் கோயில்ல காப்புக் கட்டியிருக்கு. திருவிழா முடியட்டும், நானே மாலை வாங்கிட்டு வந்து உங்களுக்குப் போடுறேன்."

"சரிலா டீச்சர். சிம்பிளா முடிச்சிடுவோம்."

எங்கள் சபையில் சிம்பிள் என்ற ஒன்று கிடையாது. புது மின்விசிறி வாங்கினால்கூடப் பிரதிஷ்டை ஜெபம் பண்ணாமல் சுவிட்சைத் தொடமாட்டோம். அரிசி வேகவைக்கும் குக்கருக்கு ஜெபித்தபோது நானே கண்மூடி நின்றிருக்கிறேன். அடுத்த சனிக்கிழமை ஒரு பஸ் நிறைய ஆள் போனோம். பாடகர் குழு, பேனர், ஒரே நிற டீ-ஷர்ட். தொட்டியில் நீலச் சாயத்தில் பெரிய சிலுவை, கீழே சபையின் பெயர். பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி ஆளுக்கொரு குவளையில் தண்ணீர் கொடுத்து, ஜெபம் முடியும்வரை குடிக்காமல் பிடித்திருக்கச் சொன்னார்கள். பாஸ்டர் தொட்டியில் கைவைத்து ஜெபித்தார். அவர் ஜெபம் எப்போதுமே நீளம்.

வேலிக்கு வெளியே தாய்மார்கள் நின்றிருந்தார்கள். எல்லார் கையிலும் மஞ்சள் காப்பு. பிள்ளைகள் கையிலும்தான். ஒரு பெண் கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார்.

"காப்புக் கட்டின புள்ளைங்க கையில உங்க சாமிக்குப் படைச்சதைக் குடுக்கிறீங்களே, நியாயமா?"

அங்கிள் சிரித்துக்கொண்டே, "அம்மா, இது வெறும் தண்ணிம்மா. தண்ணிக்கு ஏது மதம்?" என்றார்.

"அப்புறம் எதுக்கு அதுல சிலுவை?"

பிள்ளைகள் ஒவ்வொருவராகக் குவளையை மேசையில் வைத்துவிட்டு அம்மாக்களிடம் போனார்கள். எனக்கு அந்தப் பெண்மேல் கோபம் வரவில்லை. எங்களுக்கு முன்னால் யாரோ பால்மாவும் மதம் மாறச் சொல்லும் துண்டுப் பிரசுரமும் சேர்த்துக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்களாம். காப்பு என்றால் என்ன, விரதம் என்றால் என்ன என்று எங்களுக்குத் தெரியாததா? எங்களில் பாதிப்பேரின் தாத்தாக்கள் காப்புக் கட்டிக்கொண்டு தீ மிதித்தவர்கள்தானே!

திங்கள்கிழமை பிள்ளைகள் வீட்டிலிருந்து போத்தலில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். அதே மஞ்சள் தண்ணீர். திருவிழா முடிந்து காப்பை அவிழ்த்த பிறகும் அப்படித்தான். சிலுவையின் மேல் வெள்ளைச் சாயம் மட்டும் அடித்துக் கொடுங்கள், அப்புறம் நான் பேசிக்கொள்கிறேன் என்று டீச்சர் கெஞ்சினார். சபைக் கூட்டத்தில் நான் அந்தப் பேச்சை எடுத்தேன்.

"கர்த்தரோட அடையாளத்தை அழிக்கச் சொல்றியா?" என்றார் அங்கிள்.

"புள்ளைங்க குடிக்கணும்னுதானே அங்கிள் போனோம்?"

ஜெபத்தில் வைப்போம் என்று முடிவானது. ஒன்றைக் கிடப்பில் போட எங்களிடம் இருக்கும் மரியாதையான வார்த்தை அது. நான் அந்தச் சபையை விட்டு வந்துவிட்டேன். எனக்கு ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. அங்கிள் நல்லவர் என்பதால் அது கூடுகிறதே தவிர குறையவில்லை.

மதம் மாற்றப் பள்ளிக்குள் ஆள் விட்டார் என்று யாரோ புகார் எழுத, டீச்சரைக் கிள்ளானுக்கு மாற்றினார்கள். அதற்குப் பிறகு பெற்றோர் பிள்ளைகளை ஒவ்வொருவராக நகரத்துப் பள்ளிகளுக்குக் கொண்டுபோனார்கள். போன தீபாவளிக்கு முன்னால் கிள்ளானில் ஒரு துணிக்கடையில் டீச்சரைப் பார்த்தேன். தலை முழுக்க நரைத்துவிட்டது. என்னை அடையாளம் கண்டு கையைப் பிடித்துக்கொண்டார்.

"கடைசிவரைக்கும் ஒரு புள்ளைகூடவா குடிக்கல, டீச்சர்?"

"தினம் காலையில ஸ்கூல் சபைகூடலப்ப புள்ளைங்க எல்லாரும் பாக்க நான் ஒரு கிளாஸ் குடிப்பேன்மா. எனக்கு ஒண்ணும் ஆகலைன்னு தெரியணும்ல? அவங்க பயம் அது இல்லையே." என் கையைத் தட்டிக்கொடுத்து, "நல்ல தண்ணிமா அது," என்றார்.

அவரைப் பார்த்த மறுவாரம் காரை எடுத்துக்கொண்டு அங்கே போனேன். தோட்டத்தை விற்றுவிட்டார்கள். வீடுகள் இல்லை, கோயில் இல்லை, பள்ளி நின்ற இடம் எதுவென்றே தெரியவில்லை. வரிசையாகக் கிடங்குகள். செம்மண் பாதை தார்ச்சாலையாகி, அதன் ஓரமாகப் பெரிய குழாய் போட்டு அரசாங்கத் தண்ணீரும் வந்துவிட்டது. கேட்டருகே ஓர் ஆள் ரப்பர் குழாயைப் பிடித்துக்கொண்டு லோரிச் சக்கரங்களைக் கழுவிக்கொண்டிருந்தார். தண்ணீர் அவ்வளவு தெளிவாக இருந்தது.