கடக்வாஸ்லாவிலிருந்து விமான் நகர்: எஸ்தரின் வளர்ச்சி ஹார்மோனை அளக்கப் போன கதை

என் மகள் எஸ்தருக்குப் பன்னிரண்டு வயது. அட்ரினல் சுரப்பியில் வந்த ஒரு கட்டி, கார்டிசோல் என்ற ஹார்மோனை அளவுக்கு மீறிச் சுரந்துகொண்டிருந்தது. இரண்டு வருடம் பருத்தாளே தவிர, உயரவில்லை. போன வருடம் கட்டியை எடுத்தார்கள். வீங்கிய முகம் வற்றியது. உயரம் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது.

"அதிகக் கார்டிசோல் வளர்ச்சி ஹார்மோனை அமுக்கிவிடும். சிலருக்கு அது தானாக மீளும், சிலருக்கு மீளாது. அளந்தால்தான் தெரியும்" என்றார் டாக்டர். அதற்காகத்தான் ஜூலையில் ஒரு வியாழக்கிழமை கிளம்பினோம்.

கடக்வாஸ்லாவில் காலை ஐந்தே முக்காலுக்கு பஸ். நகருக்குள் இருக்கும் ஸ்வார்கேட் பஸ் நிலையம் சுமார் பதினேழு கிலோமீட்டர். நல்ல மழை, இருந்தும் ஏழுக்குள் போய்விட்டோம். பரிசோதனை முடியும்வரை வெறும் வயிறு, தண்ணீர் மட்டும். பஸ் நிலைய வாசலிலோ பன்னில் வைத்துத் தரும் வடாபாவுக்கு வடை பொரிந்துகொண்டிருந்தது! கடையை மறைத்தபடி நடந்தேன். "நீங்க சாப்பிடுங்கப்பா, மை டீக் ஹூன், எனக்கு ஒண்ணுமில்ல" என்றாள். எனக்கு இறங்குமா?

அங்கிருந்து விமான் நகர் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ, மீட்டரில் இருநூற்று முப்பது ரூபாய். யாருக்கு உடம்பு சரியில்லை என்று டிரைவர் இந்தியில் கேட்டார். நான் வாயெடுக்குமுன், "பீமார் நஹி பையா, டெஸ்ட் ஹை" என்று, நோயில்லை, டெஸ்ட்தான் என எஸ்தரே பதில் சொல்லிவிட்டாள்.

வளர்ச்சி ஹார்மோனைத் தூண்ட ஒரு மாத்திரை கொடுத்து, நரம்பில் செருகிய ஊசி வழியே இரண்டு மணி நேரம், அரை மணிக்கொரு முறை ரத்தம் எடுப்பார்கள். ஆனால் முந்தைய சிகிச்சைகளில் நொந்துபோன நரம்பு. முதல் ஊசி நிற்கவில்லை, இரண்டாவதும் வீங்கியது. இன்னொரு நாள் வருகிறீர்களா என்றார் நர்ஸ். எஸ்தர் கண்ணில் நீரைப் பார்த்ததும் நான் எழுந்துவிட்டேன்.

"போதும்ட்டி, அடுத்த வாரம் வருவோம்."

"அடுத்த வாரமும் வலிக்கும்லாப்பா. மறுபடி பட்டினி வேற." மற்றக் கையை நீட்டினாள். "சிஸ்டர், இஸ்மே ட்ரை கரோ."

அதில் நின்றது. மாத்திரை மயக்கத்தில் தூங்கிப்போனாள். பதினொன்றரைக்குக் கடைசி ரத்தம். கேன்டீனில் அவள் போஹா என்ற அவல் உப்புமாவை முடித்து, என் தட்டையும் முடித்தாள்.

மறுவாரம் முடிவு வந்தது. வளர்ச்சி ஹார்மோன் மிகக் குறைவு. டாக்டர் அவளுடைய கை எக்ஸ்ரேயைக் காட்டி, எலும்பின் வளரும் பகுதிகள் இன்னும் மூடவில்லை, தினமும் அந்த ஹார்மோனை ஊசியாகப் போட்டால் பலன் கிடைக்கலாம் என்றார். எத்தனை வருடம் என்று நான் கேட்டேன். என்றைக்கு ஆரம்பிக்கலாம் என்று அவள் கேட்டாள்.

போகிறவர்களுக்கு: மாத்திரையால் ரத்த அழுத்தம் இறங்கும், திரும்பும்போது பஸ் வேண்டாம். நாங்கள் கடக்வாஸ்லா வரை டாக்ஸியில் வந்தோம், எழுநூறு ரூபாய். ஏற்கனவே சாப்பிடும் மருந்துகளை டாக்டர் சொல்லாமல் நிறுத்தாதீர்கள். பிள்ளை உயராமல் பருத்துக்கொண்டே போனால் சாப்பாட்டைத் திட்டாமல் டாக்டரிடம் காட்டுங்கள். நாங்கள் ஒரு வருடம் திட்டினோம்.

முதல் ஊசியை எஸ்தர் தானே தொடையில் போட்டுக்கொண்டாள். நான்தான் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றேன்.