கித்துல்கலை வரைக்கும்

குழாயின் வாய்க்குள் தலையை விட்டு, "உள்ளுக்கு யாரும் இருக்கீங்களா?" என்று செல்லசாமி கேட்கிறார். அவருடைய குரல்தான் உள்ளே உருண்டு திரும்பி வருகிறது. மழைக்கு ஒதுங்கிய நாய் ஒன்று முன்பொருமுறை உள்ளேயே இருந்துவிட்டது. கிரேன் தூக்கிய பிறகுதான் தெரிந்தது. அன்றிலிருந்து மூன்று குழாய் என்றால் மூன்று முறை கேட்பார். கிரேன்காரர் ஹாரன் அடித்தாலும் மூன்றாவதை விடுவதில்லை.

நோட்டன் பிரிட்ஜுக்கு மேலே, பழைய சிறு மின்நிலையம் ஒன்றுக்குத் தண்ணீர் இறக்கிய இரும்புக் குழாய்களைக் கழற்றிக் கொழும்புக்கு அனுப்புகிறார்கள். ஒரு பிள்ளை நிமிர்ந்து நடக்கக்கூடிய அகலம்; ஒன்று மூன்று தொன்னுக்குக் குறையாது. பக்கப்பலகை இல்லாத நீண்ட லொறியில் கீழே இரண்டு, அவற்றின் மேல் ஒன்று. அவற்றை அசையாமல் கட்டி, படங்கு போட்டு மூடுவது செல்லசாமியின் வேலை. ஐம்பத்து நான்கு வயது. குள்ளமான ஆள். மழைக்கோட்டுப் பையில் வெற்றிலை இருக்காது, சோக்கட்டி இருக்கும்.

இரும்பின் மேல் இரும்பு வைத்தால் வழுக்கும் என்று இடையில் பழைய டயர்த் துண்டுகளைச் செருகுகிறார். முன்னுக்கு ஒன்று, நடுவில் ஒன்று, பின்னுக்கு ஒன்றாக மூன்று சங்கிலி. ஒவ்வொன்றையும் இறுக்கிய பிறகு, சங்கிலிக் கண்ணிக்கும் குழாய்க்கும் சேர்த்துச் சோக்கட்டியால் ஒரு கோடு இழுப்பார்.

"கோடு ரெண்டா பிரிஞ்சா சாமான் நகந்துருச்சுன்னு அர்த்தம். அதுக்குக் கண்ணு மட்டும் போதும், படிப்பு வேணாம்" என்பார்.

கடைசியாகத்தான் படங்கு. அதைத் தேங்காய்த் தும்புக் கயிற்றால் கொக்கிகளில் இழுத்துக் கட்டுவார். படங்குக்கு மட்டும்தான் கயிறு. யாராவது கயிற்றைக் குழாய்ப் பக்கம் கொண்டுபோனால், அந்தச் சாந்தமான மனுசன் வாயில் வரும் வார்த்தைகளை இங்கே எழுத முடியாது.

கட்டி முடித்ததும் அவரும் லொறியில் ஏறிவிடுவார். கினிகத்தேனையைத் தாண்டிக் கித்துல்கலை வரைக்கும் போய், வெயில் ஏறிய இடத்தில் நிறுத்தச் சொல்லி, படங்கை அவிழ்த்துக் கோடுகளைப் பார்த்து, சங்கிலிகளை மறுபடி இறுக்கிவிட்டு பஸ்ஸில் திரும்புவார். யாரும் போகச் சொல்வதில்லை.

"மாமா, புள்ளயக் கட்டிக்குடுத்துட்டுக் காருக்குப் பின்னாலயே ஓடுற அப்பன் மாதிரியில்ல வாறீங்க" என்று சாரதி ஜெயகாந்தன் கிண்டலடிப்பார். "வழியில நான் இறக்கி வித்துருவேன்னு பயமா?"

"நீ ஓட்டுடா. நான் வேடிக்க பாக்க வாறேன்."

ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, கித்துல்கலை வரும்வரை பக்கக் கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்கமாட்டார். அந்தப் பாதையில் அருவிகள் இருப்பது அவருக்குத் தெரியுமா என்பதே சந்தேகம்.

இரண்டு வருடத்துக்கு முன் இதே பாதையில், இதே மாதிரிக் குழாய்களோடு இறங்கிய லொறியை ஓட்டியவர் அழகன், செல்லசாமியின் தங்கை பிரியந்தியின் புருசன். அன்று காலை இரண்டு சங்கிலிதான் வந்திருந்தது. முன்பக்கத்தைச் செல்லசாமி தும்புக் கயிற்றால் கட்டினார். விடியலிலிருந்து பனித்தூறல். நனைந்த கயிறு சுருங்கி, தட்டினால் சத்தம் வருமளவுக்கு இறுகியிருந்தது. அவருக்கே அதில் ஒரு பெருமை. படங்கைப் போட்டு மூடி அனுப்பிவிட்டார். கித்துல்கலை தாண்டி ஒரு வளைவில் எதிரே பஸ் வர, அழகன் பிரேக் பிடித்தார். மேல் குழாய் முன்னுக்கு வந்து, சாரதிக் கூண்டை உடைத்துக்கொண்டு அழகனின் இருக்கையோடு நின்றது.

பொலிஸ் நிலைய முற்றத்தில் நின்ற லொறியைச் செல்லசாமி போய்ப் பார்த்தார். கயிறு அறவில்லை, முடிச்சு அவிழவில்லை. கீழ்நாட்டு வெயிலில் படங்குக்குள் வெந்து காய்ந்து, ஒரு முழங்கை நுழைகிற அளவுக்குத் தொய்ந்து கிடந்தது. விசாரணையில் வேகம்தான் காரணம் என்று எழுதினார்கள். அவர் வாய் திறக்கவில்லை.

பொலிஸ் எழுதியதைப் பிரியந்தி நம்பினாள். மகள் சர்மிளா பள்ளிக்கூடத்துக்கு ஓடினால்கூட, "ஓடு, ஓடு, ஒங்கப்பன் ரத்தம்தானே" என்பாள். தோட்ட லயத்தில் சுவருக்கு அந்தப்புறம் அடுத்த காம்பரா என்பதால் செல்லசாமிக்கு ஒரு சொல் தப்பாமல் கேட்கும்.

போன புதன்கிழமை, லொறி நின்ற பாதைக்கு மேல் மலையில்தான் பிரியந்திக்குக் கொழுந்து பறிக்கிற வேலை. இடுப்பைச் சுற்றிக் கட்டிய படங்குத் துண்டோடு, அண்ணனுக்குத் தேயிலைச் சாயத்தண்ணிப் போத்தலும் கையுமாக இறங்கி வந்தாள். படங்கு கட்டி முடிந்திருந்தது. மழை விடவில்லை.

"தம்பி, நிதானமா போங்க" என்றாள் ஜெயகாந்தனைப் பார்த்து. "எங்க வீட்டு மனுசன் மாதிரிப் பறந்து போய்ச் சேந்துறாதீங்க. அந்தாளுக்குச் சாவுலயும் அவசரம்."

"அழகன் அண்ணனா?" ஜெயகாந்தன் சிரித்துவிட்டார். "அவரு வண்டிய மாடு முந்திக்கிட்டுப் போகுமேக்கா!"

"அப்ப பொலிஸ்காரங்க பொய்யா எழுதுனாங்க?"

ஜெயகாந்தன் செல்லசாமியைப் பார்த்தார். பிறகு ஏறி உள்ளே உட்கார்ந்துகொண்டார்.

"பிரியந்தி, இங்க வா" என்றார் செல்லசாமி. "இந்தக் கயித்தப் புடி."

"என்னண்ணே?"

"புடி. எப்பிடி இருக்கு?"

"கல்லு மாதிரி இருக்கு."

"கித்துல்கலை வெயில்ல காஞ்சா, இதுக்குள்ள கை நொழையும். இது படங்குக்குக் கட்டுனது, தொய்ஞ்சாலும் பரவால்ல. அன்னைக்குக் கொழாய்க்கே இதத்தான் கட்டியிருந்துச்சு. சங்கிலி பத்தல." படங்கின் ஓரத்தை இழுத்துவிட்டார். "அவரு வேகமாப் போகல புள்ள. ஒரு நாளும் போகல."

அவள் கயிற்றைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"அத நீதானேண்ணே கட்டுன?"

"ஆமா."

பிடித்த கயிற்றை அவள் விடவில்லை. கொழுந்துக் கறை படிந்த விரல்கள் இறுகி, கணுக்கள் வெளுத்தன. இது எதுவும் கேட்காத ஜெயகாந்தன் எஞ்சினைக் கிளப்பினார். மேலேயிருந்து சுப்பவைசர், "யமு! யமு!" என்று கிளம்பச் சொல்லிக் கத்தினார்.

கயிற்றை விடு என்று செல்லசாமி அவளிடம் சொல்லவில்லை. பாதையோரத்தில் குந்தி, இரண்டு கையாலும் ஒரு பெரிய கல்லைப் பெயர்த்துத் தூக்கி வந்து, லொறி நகராதபடி அதன் பின்சக்கரத்துக்கு முன்னால் வைத்தார்.