புகை படியாத இடம்

கணவர் மௌத்தானதும் வெளியே போகாமல் இத்தா இருந்த நாலு மாதமும் பத்து நாளும் என் அறை ஜன்னல்களை அடைத்தே வைத்திருந்தேன். இத்தா முடிந்து மூன்று வருடமாகியும் அவற்றைத் திறக்கவில்லை. பொழுதுபட்டு மக்ரிபு பாங்கு சொன்னதும் அறைக்குள் சாம்பிராணி போடுவேன், பிறகு நுளம்பு கடிக்காமலிருக்க நுளம்புத்திரி கொளுத்துவேன். அவர் இருந்த காலத்து வழக்கம், விட மனம் வரவில்லை.

பிறகு எனக்கு இழுப்பு வந்தது. "இந்தப் புகைக்குள்ள படுத்தா சுகமான ஆளுக்கும் மூச்சு முட்டும். ஜன்னலத் திறங்க, சுவரக் கழுவுங்க" என்றார் வீட்டுக்கு வந்து பார்த்த டொக்டர். என் சாம்பிராணியைக் குறை சொல்ல இவர் யார் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் மூச்சு வேணுமே.

மகள் வந்து ஜன்னல்களைத் தள்ளித் திறந்தாள். கடற்காற்றோடு வெயிலும் உள்ளே விழுந்தது. சுவரெல்லாம் கரி. கட்டில் தலைமாட்டில் மட்டும் ஒரு தலையும் இரண்டு தோளும் வெள்ளையாகத் தெரிந்தன.

"உம்மா, வாப்பா சாஞ்சிருந்து தஸ்பீஹ் ஓதுற இடம்தானே இது?"

"ஓம்" என்றேன். விரலால் தடவிப் பார்த்தேன். துளி கரியும் ஒட்டவில்லை. அவர் போன பிறகும் நாள் தவறாமல் நான் புகை போட்ட அறை அது. மூன்று வருடப் புகை அந்த இடத்தில் மட்டும் ஏன் படியவில்லை என்று மகளிடம் நான் கேட்கவில்லை.

அவள் சவர்க்காரம் போட்டு முழுச் சுவரையும் தேய்த்துக் கழுவினாள். இப்போது எனக்கு இழுப்பு இல்லை. சுவர் முழுக்க ஒரே வெள்ளை. அவர் எங்கே சாய்ந்திருக்கிறார் என்றுதான் தெரியவில்லை.