பிள்ளைகளின் வயிறு பார்த்து வீடு பிடித்தவர்

அப்பாவின் வலது கை விரல்கள் நான்கும் என் இடது விலாவுக்குக் கீழே பதிந்திருந்த அந்த ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல் இன்னும் என் உடம்பில் இருக்கிறது. முன்பின் தெரியாத ஒரு வீட்டின் தாழ்வாரத்தில் பாய் விரித்து என்னைப் படுக்க வைத்திருந்தார். பாவாடை நாடாவைச் சற்றுத் தளர்த்திவிட்டு, "நல்லா மூச்ச இழும்மா" என்றார். இழுத்தேன். சுற்றிலும் பிள்ளைகள் குனிந்து நின்று வேடிக்கை பார்த்தார்கள். எனக்கு ஒன்பது வயது. வெட்கம் பிடுங்கித் தின்றது. நாங்கள் அங்கே போனது வைத்தியத்துக்கு அல்ல, வாடகைக்கு வீடு பார்க்க.

அப்பா மலாயாவில், கூலாய்க்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டத்தில் டிரெஸ்ஸராக இருந்தவர். டாக்டர் எப்போதாவது வந்து எட்டிப் பார்ப்பார். மற்ற நாளெல்லாம் டிரெஸ்ஸர் ஐயாதான் தோட்டத்துக்கே டாக்டர். விடியற்காலைப் பெரட்டில் ஆட்கள் பேர் கொடுக்க வரிசையாக நிற்கும்போது ஒவ்வொருவர் வாயிலும் காய்ச்சலுக்கான கொய்னாத் தண்ணீரை ஊற்றுவார். ஊற்றியதோடு விடமாட்டார், வாயைத் திறக்கச் சொல்லி, விழுங்கியாயிற்றா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த ஆளிடம் போவார். அதைவிட முக்கியமான வேலை ஒன்று அவருக்கு இருந்தது. ஆட்கள் குடியிருந்த லயத்துப் பிள்ளைகளை அவ்வப்போது நிறுத்தி வைத்து வயிற்றைத் தொட்டுப் பார்ப்பது. மலேரியாக் குளிர்காய்ச்சல் திரும்பத் திரும்ப வந்த பிள்ளைக்கு மண்ணீரல் வீங்கிவிடும். விலாவுக்குக் கீழே கட்டி மாதிரி விரலில் தட்டும். எத்தனை பிள்ளைகளுக்குத் தட்டுகிறது என்பதைக் கொண்டு அந்த லயத்தில் காய்ச்சல் எந்த அளவுக்கு இருக்கிறது என்று துரைக்குச் சொல்லிவிடுவார். "மனுஷன் பொய் சொல்லுவான், வயிறு சொல்லாது" என்பது அவர் பேச்சு. என் வயிறும் உண்மையைத்தான் சொன்னது. எனக்கு இரண்டு விரல் அகலத்துக்குக் கட்டி இருந்தது.

என் தம்பி அந்தக் காய்ச்சலில்தான் போனான். மூன்று வயதுகூட நிறையவில்லை. தோட்டம் முழுக்க மருந்து ஊற்றிய கை சொந்தப் பிள்ளைக்கு உதவவில்லை. யாரும் அப்பாவை ஒரு சொல் சொல்லவில்லை, அம்மாகூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. மறு வருஷம் அம்மா மறுபடி உண்டானாள். அது ரப்பர் விலை அடியோடு விழுந்த காலம். ஆட்களைக் கூட்டம் கூட்டமாக இந்தியாவுக்குக் கப்பலேற்றி அனுப்பினார்கள். ஆட்கள் இல்லாத தோட்டத்தில் டிரெஸ்ஸருக்கு என்ன வேலை? நல்லவேளையாக ஜொகூர் பாருவில் ஒரு டாக்டர் தம்முடைய மருந்தகத்துக்கு அப்பாவைக் கூப்பிட்டார். டவுனுக்குப் பக்கத்தில், சைக்கிளில் போய்வரும் தூரத்தில் வீடு பார்க்க வேண்டியதாயிற்று. அம்மாவுக்கு ரயில் குலுக்கல் ஆகாது என்பதால் என்னைக் கூட்டிக்கொண்டு அப்பா கிளம்பினார். வாசலில் நின்று அம்மா சொன்னாள்: "வீட்ட எங்க வேணா பாருங்க. ஓட்டையோ ஒடசலோ, நான் சமாளிச்சுக்குவேன். ஆனா இந்தப் புள்ள தங்கணும். தங்காத எடத்துக்கு நான் வரமாட்டேன்."

வீடு பார்க்கப் போகிறவருக்கு யோசனை சொல்ல ஆளுக்கா பஞ்சம்? கடலோரம் பாருங்கள், காற்று நன்றாக வரும் என்றார் தோட்டத்தில் கணக்கெழுதும் பெரிய கிராணி. கோயில் மணி கேட்கும் தூரத்தில்தான் குடியிருக்க வேண்டும் என்றார் கோயில் பண்டாரம். டவுனிலேயே கடைவீட்டு மாடியில் இருந்துவிட்டால் மார்க்கெட் காலடியில் என்றார் மருந்தகத்தில் மருந்து கலக்குகிறவர். எல்லாருக்கும் அப்பா தலையாட்டினார். காற்று, கோயில், மார்க்கெட் எதுவும் அவர் மனசில் ஏறவில்லை. சட்டைப் பையில் ஒரு பொட்டலம் புதினா மிட்டாயைப் போட்டுக்கொண்டு, பிள்ளைகளின் வயிற்றைத் தேடிப் போனார்.

முதலில் போனது தெப்ராவ் சாலைப் பக்கம் ஒரு பள்ளத்துக் கம்பம், அதாவது சிற்றூர். பலகை வீடுகள், சேறு, நடுவில் ஒரு மளிகைக் கடை. மருந்தகத்தில் இரவல் வாங்கிய சைக்கிளை விட்டு இறங்கியதும் காதில் விழுந்ததெல்லாம் தமிழ்தான். இடத்தை எனக்கு உடனே பிடித்துப் போயிற்று. பிள்ளைகளோ அப்பாவைக் கண்டதும் அம்மை குத்த வந்தவர் என்று நினைத்து வீட்டுக்குள் ஓடி ஒளிந்துகொண்டார்கள். அதற்குத்தான் நான். என்னைப் படுக்க வைத்து, அழுத்திப் பார்த்து, வாயில் ஒரு மிட்டாயைப் போட்டதும் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. பெண்களுக்கு ஒரே சிரிப்பு. "பொண்ணு பாக்க வர்றவங்ககூட இந்தப் பார்வ பாக்க மாட்டாங்கய்யா!" என்றாள் ஒருத்தி. அவளே எனக்குப் பொரித்த வாழைப்பழமும் கொடுத்தாள். பத்துப் பிள்ளைகளில் ஏழு பிள்ளைக்குக் கட்டி தட்டியது. அப்பா முகம் கறுத்துவிட்டது. கையைக் கழுவினார், கும்பிட்டார், சைக்கிளில் ஏறிவிட்டார்.

அடுத்த ஞாயிறு போனது ஸ்கூடாய் சாலைப் பக்கம் ஒரு மேடு. காட்டை வெட்டிப் புதிதாகப் போட்ட வீட்டு வரிசை. துத்தநாகக் கூரை வெயிலில் கண்ணைப் பறித்தது. மேட்டில் நின்றால் காற்று ஆளைத் தள்ளும். கீழே சின்ன ஓடை. அடியில் கிடக்கும் கூழாங்கல்லை எண்ணிவிடலாம், அவ்வளவு தெளிவு. அதன் கரையில் அப்பா வெகுநேரம் நின்றார். வெயில் படுகிற தெளிந்த ஓடையில்தான் காய்ச்சல் கொசு முட்டையிடும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. தோட்டத்தில் அப்படிப்பட்ட ஓடைகளுக்கு ஆள் வைத்து எண்ணெய் அடித்தவரே அவர்தான். ஆனாலும் மேலே ஏறிப் போய்ப் பதினோரு பிள்ளைகளின் வயிற்றைத் தொட்டார். ஒன்றுக்குக்கூடத் தட்டவில்லை. ஒன்றுக்குக்கூட! நான் முதலில் சொன்ன தாழ்வாரம் அங்கேதான் இருந்தது. இரட்டைச் சடை போட்ட பெண் ஒருத்தி, பிட்டர் வேலை பார்ப்பவரின் மகள், தானும் என் விலாவுக்குக் கீழே விரலை விட்டுப் பார்த்துவிட்டு, "ஐயே, இவளுக்குத்தான் கட்டி இருக்கு!" என்று கத்தினாள். எல்லாரும் சிரித்தார்கள். அவளைக் கடித்துவிடலாமா என்றிருந்தது. அப்பா அதையெல்லாம் கவனிக்கவில்லை. தம்பி போனபிறகு முதல் தடவையாக அன்று சைக்கிள் மிதித்துக்கொண்டே சீட்டியடித்தார். வீட்டை அன்றைக்கே பேசி முடித்தார்.

மாதக் கடைசியில் சாமான்களோடு ரயிலேறி வந்தோம். அந்த ஒரு பயணத்தை அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கினாள். ஸ்டேஷனிலிருந்து மாட்டுவண்டி. மேட்டில் இறங்கியதும் அம்மா முகத்தில் காற்றுப் பட்டது. "நல்லாத்தான் இருக்கு" என்றாள். புது வீட்டில் முதலில் பால் காய்ச்ச வேண்டுமே. வண்டிக்காரர் சாமான் இறக்கிக்கொண்டிருக்கும்போதே, அம்மா நெருப்பு வாங்கக் கொட்டாங்கச்சியோடு அடுத்த வீட்டுக்குப் போனாள். நானும் பின்னால் போனேன். நம்மவர்கள் இருவர் சந்தித்தால் முதலில் கேட்கிற கேள்வியை அம்மா கேட்டாள்: "நீங்க எந்த ஊருங்க?"

"சிங்கப்பூருங்க, பாலத்துக்கு அந்தப் பக்கம். நாங்க வந்தே மூணு மாசந்தான் ஆவுது. இங்க எல்லாருமே அப்படித்தான். காட்ட வெட்டி இப்பத்தானே கட்டினாங்க" என்றாள் அந்த அம்மாள்.

அம்மா நெருப்பை வாங்கிக்கொண்டு மெல்லத் திரும்பி வந்தாள். அப்பா பால் பாத்திரத்தோடு அடுப்பங்கரையில் நின்றிருந்தார். கொட்டாங்கச்சியைக் கீழே வைத்துவிட்டு அம்மா சொன்னாள்: "நீங்க பாத்தது இந்த எடத்து வயிறு இல்லீங்க. சிங்கப்பூர் வயிறு."

அப்பாவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது பாத்திரத்தைக் கீழே வைத்தார். தோட்டத்தில் பிள்ளைகள் அங்கேயே பிறந்து அங்கேயே வளர்ந்தவர்கள். யார் எங்கிருந்து வந்தார்கள் என்று கேட்கிற அவசியமே அவருக்கு இருந்ததில்லை. "இங்கயே பொறந்த புள்ள ஒண்ணாச்சும் இருக்கான்னு கேட்டுட்டு வாங்க" என்றாள் அம்மா. அப்பா வீடு வீடாகப் போனார். திரும்பி வந்து, "இல்ல" என்றார். அவ்வளவு பெரிய மனிதர் அவ்வளவு சின்னக் குரலில் பேசி நான் அதற்கு முன் கேட்டதில்லை.

"மொதல்ல பாத்த எடத்துல ஏழு புள்ளைக்குக் கட்டின்னீங்களே, அதுங்க எங்கேருந்து வந்துச்சுங்க?"

"கேக்கல."

அம்மா கோபித்துக்கொள்ளவில்லை. வெளியே போய், "அண்ணே, மாட்ட அவுத்துராதீங்க" என்று வண்டிக்காரரிடம் சொன்னாள். இறக்கிய சாமானெல்லாம் மறுபடி ஏறியது. வண்டிக்காரர் முணுமுணுத்துக்கொண்டேதான் ஓட்டினார்.

பள்ளத்துக் கம்பத்துக்குப் போய்ச் சேரும்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. அம்மா வயிற்றைப் பிடித்தபடி இறங்கி, சேற்றில் நின்றுகொண்டே விசாரித்தாள். ஒரு குடும்பம் லாபிஸ் பக்கத்துத் தோட்டம், ஒன்று கூலாய், இன்னொன்று வேறு எங்கோ. எல்லாருமே வேலை போய் வந்தவர்கள். "கட்டியெல்லாம் தோட்டத்துல வாங்குனதும்மா. இங்க வந்தபெறகு குளிர் வரல" என்றாள் பொரித்த வாழைப்பழம் கொடுத்தவள். அம்மா அந்தப் பேச்சையும் அப்படியே நம்பிவிடவில்லை. இங்கேயே பிறந்த பிள்ளை எது என்று கேட்டாள். மளிகைக் கடைக்காரர் மனைவி தன் இரண்டு பிள்ளைகளைக் கொண்டுவந்தாள். பின்னால் குடியிருந்த மலாய்க்கார அம்மாவும் தன் மூன்றையும் அனுப்பிவைத்தாள். அப்பா மண்டியிட்டு உட்கார்ந்தார். ஒவ்வொரு பிள்ளையையும் இரண்டு தடவை பார்த்தார். கடைசிப் பிள்ளையின் வயிற்றிலிருந்து கையை எடுத்துவிட்டு அம்மாவை நிமிர்ந்து பார்த்து, ஒன்றுக்கும் கட்டி இல்லை என்று தலையசைத்தார். கோடியில் ஒரு வீடு காலியாக இருந்தது. கூரை ஒழுகும் என்று முன்கூட்டியே சொன்னார்கள். அன்று மாலை அங்கேதான் பால் பொங்கியது.

அடுத்த ஞாயிறே அப்பா அந்த மேட்டுக்குப் போய், ஓடைக்கு எண்ணெய் அடிக்கச் சொல்லுங்கள், பிள்ளைகளுக்குக் கொய்னா கொடுங்கள் என்று வீடு வீடாகச் சொன்னார். "போன மாசம் எல்லாப் புள்ளையும் தங்கமா இருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க?" என்று பிட்டர் கேட்டாராம். மழை விட்டு வெயில் வந்ததும் அங்கே காய்ச்சல் புகுந்தது. அப்புறம் ஞாயிறு தவறாமல் மருந்துப் போத்தலோடு அந்த மேட்டை மிதித்து ஏறினார். யாரும் கூப்பிடவில்லை, தாமாகத்தான் போனார். ஒரு தடவை நானும் போனேன். இரட்டைச் சடைக்காரி அதே தாழ்வாரத்தில் சுருண்டு கிடந்தாள். அப்பா அவள் விலாவுக்குக் கீழே அழுத்திப் பார்த்தார். இரண்டு விரல். அவளைப் பார்த்துச் சிரிக்க வேண்டும் என்று எத்தனையோ நாள் ஆசைப்பட்டவள் நான். சிரிப்பு வரவில்லை. அவள் பிழைத்து எழுந்த பிறகு நாங்கள் சிநேகிதிகளானோம்.

போன மாதம் என் தங்கை மகன், அதாவது அன்று அம்மா வயிற்றில் இருந்தவளின் மகன், வீடு வாங்கப் போவதாகச் சொல்ல வந்தான். "மேட்டு நிலம் பெரியம்மா, நல்ல காத்து, டவுன் கிட்ட, நல்ல ஏரியா" என்றான். விசாரித்தால் அதே மேடு. ஓடையை எப்போதோ மூடிவிட்டார்களாம். மேலே தார்ச்சாலை ஓடுகிறது. அங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் இருக்கிறார்களா என்று கேட்டேன். "எதுக்குப் பெரியம்மா?" என்று சிரித்தான். இந்தக் காலத்தில் பெற்றவர்களுக்குத் தெரியாமல் போன பயங்கள் சில உண்டு. அதில் எனக்குச் சந்தோஷமே. வாங்கடா என்று சொல்லி அனுப்பினேன்.

தங்கை அந்தக் கம்பத்துக் கோடி வீட்டில்தான் பிறந்தாள். மாதா மாதம் அப்பா அவள் வயிற்றைத் தொட்டுப் பார்ப்பார். அவள் கிச்சுக்கிச்சு மூட்டுவதாக நினைத்து நெளிவாள். நாளாக ஆக எனக்கு அது பழகிப்போயிற்று. அப்பாவும் பழைய மாதிரிப் பேச ஆரம்பித்திருந்தார். அம்மா மட்டும் மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது எங்கள் யாருக்கும் தெரியாது. ஒரு நாள் காலை, பிறந்த நாளோ பண்டிகையோ ஒன்றும் இல்லை, இன்னும் மூன்று வயது நிறையாத தங்கைக்குத் தலைக்கு ஊற்றிப் புதுச்சட்டை போட்டு நெற்றியில் பொட்டு வைத்தாள். அப்பா மருந்தகத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர், "என்ன விசேஷம்?" என்று கேட்டார்.

அம்மா தங்கையின் தலையைத் துவட்டிக்கொண்டே, நிமிராமல் சொன்னாள்: "நம்ம போன புள்ள உசுரோட இருந்த நாளெல்லாம் இவளுக்கு நேத்தோட முடிஞ்சுபோச்சு. இன்னையிலேருந்து இவ அவனுக்கு அக்கா."

அப்பா சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார். அன்று அவர் வேலைக்குப் போகவில்லை.