மாமா தெலுங்கில் சொன்ன செர்பியா கதை

எங்கள் வீட்டில் எதைப் பேசினாலும் மாமா அதை செர்பியாவில் கொண்டுபோய் முடிப்பார். அம்மாவின் அண்ணன் அவர். இரண்டாம் உலகப் போரின்போது இத்தாலியில் ஒரு ராணுவ ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுப் போடும் வேலை பார்த்துவிட்டு எங்கள் ஊரான நகரிக்குத் திரும்பியவர். கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து படகில் வந்த காயக்காரர்களில் ஒரு செர்பியாக்காரன் மூன்று மாதம் அவர் வார்டில் கிடந்தானாம். குழம்பில் உப்பு குறைந்தால் அவன் உப்பில்லாமல் சாப்பிட்ட கதை வரும். தறியில் நூல் அறுந்தால் அவன் நாட்டு ராஜா ஓடிப்போன கதை வரும். "உனுக்கு அந்த ஊர்லயே ஒரு பொண்ணப் பாத்துக் கட்டி வச்சிருக்கணும்ண்ணா" என்பாள் அம்மா, ராட்டையை நிறுத்தாமலே.

ஆந்திரா தனி மாநிலமாகி, நகரி, புத்தூர், திருத்தணி எல்லாம் எந்தப் பக்கம் என்ற தகராறு இழுத்துக்கொண்டிருந்த காலம். வீட்டில் என்ன மொழி பேசுகிறீர்கள் என்று தெருத்தெருவாக எழுதப் போகிறார்கள் என்று சேதி வந்தது. எனக்கு ஒன்பது வயது. ஊர் எந்த மாநிலத்தில் இருந்தால் எனக்கென்ன? ஆனால் தமிழ் வீடுகள் குறைந்தால் அடுத்த வருஷம் தமிழ் வகுப்பு இருக்காது என்று வாத்தியார் சொல்லியிருந்தார். நான்காம் வகுப்பில் முதலாவதாக வந்தவள் நான். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளோடு உட்கார்ந்து தெலுங்கு எழுத்தை முதலிலிருந்து எழுதுவதை நினைத்தாலே அழுகை வந்தது.

எங்கள் வீட்டைத் தமிழ் வீடு என்று எழுதவைக்கும் பொறுப்பை மாமா ஏற்றுக்கொண்டார். எங்கள் ஊரில் ஒரு பழக்கம். யார் எந்த மொழியில் கேட்கிறார்களோ அந்த மொழியிலேயே பதில் சொல்ல வேண்டும். மாற்றிச் சொன்னால் மரியாதைக் குறைவு. நூல் கடையிலும் பஸ்ஸிலும் இப்படியே பேசிப் பேசி, எந்த மொழியில் பேசினோம் என்பதே யாருக்கும் நினைவிருக்காது. "வர்ற அதிகாரி தெலுங்குலதான் கேப்பாரு. வழுக்கிடாதீங்க" என்று மாமா ஒரு வாரம் பயிற்சி கொடுத்தார். முக்காலியில் அதிகாரியாக உட்கார்ந்து தெலுங்கில் கேட்பார். நாங்கள் தமிழில் சொல்ல வேண்டும். அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். அவர் முயன்ற நான்கு முறையும் தோற்றார். "அட போ மச்சான், வாய் தானாப் போவுது, நான் இன்னா பண்றது?" என்று தறிக்குழியில் இறங்கிவிட்டார்.

அதிகாரி ஒரு வியாழக்கிழமை காலையில் வந்தார். முக்காலியில் உட்கார்ந்து நோட்டை மடியில் விரித்துத் தெலுங்கில் கேட்டார். அம்மா வாயைத் திறப்பதற்குள் மாமா முந்திக்கொண்டார். செர்பியாவை ஆரம்பித்தார். சுத்தமான தெலுங்கில்.

இருபது நிமிஷம் சொன்னார். நாங்கள் அதுவரை கேட்டிராத பகுதி அது. அந்தச் செர்பியாக்காரனின் ஊர் எல்லையோரத்து ஊர். அங்கேயும் முதலில் ஒருவர் நோட்டோடு வந்தார். எது செர்பியர் வீடு, எது மற்றவர் வீடு என்று எழுதிக்கொண்டு போனார். அடுத்த மாதம் அந்த நோட்டைப் பார்த்துப் பார்த்து ஆட்களை வெளியே கூப்பிட்டார்கள். தப்பியவர்களில் ஒரு அண்ணனும் தம்பியும் உண்டு. அண்ணன் ராஜா பக்கம் சேர்ந்தான். தம்பி, வார்டில் கிடந்தவன், கம்யூனிஸ்டுகள் பக்கம்.

நான் அம்மாவின் முந்தானையை இழுத்தேன். அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "சரேனண்டி" என்றவர், எழுதிக்கொண்டே உரக்கச் சொன்னார்: "தெலுகு."

"காதண்டி, மேமு அரவவாள்ளமு!" என்று பதறினாள் அம்மா. நாங்கள் தமிழர்கள் என்பதைத் தெலுங்கில் சொன்னாள். நைனா தறிக்குழியிலிருந்து தலையை நீட்டி, அவரும் தெலுங்கிலேயே ஆமாம் போட்டார். அதிகாரி சிரித்தபடி நோட்டை மூடினார்.

வாசற்படியில் நின்று திரும்பினார். "அந்த அண்ணங்காரன் இன்னா ஆனான்?" தமிழில் கேட்டார். எங்கள் ஊர்த் தமிழில்.

"இவன்தான் சுட்டான் சார்" என்றார் மாமா. "கட்டு மாத்தும்போதெல்லாம் அதையே சொல்லிக்கினு இருந்தான்."

அதிகாரி நோட்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு படியிறங்கினார். பிறகு அடுத்த வீட்டுக்குப் போய், தெலுங்கில் கேட்டார். அந்த வீட்டில் தெலுங்கில் பதில் சொன்னார்கள்.

"ஒரு வாரமா எங்க உயிர எடுத்துட்டு, கடசீல நீயே கவுத்துட்டியே! வந்தவருக்கு இன்னாத்துக்குடா அந்த எழவெடுத்த ஊருக் கதை?" அண்ணனை அம்மா 'டா' போட்டுப் பேசியது அந்த ஒரு நாள்தான். மாமா அன்று எதற்கும் செர்பியாவை இழுக்கவில்லை.

ஜூன் மாதம் ஒன்றாம் வகுப்புப் பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்தேன். மாமாவோடு ஒரு வருஷம் பேசவில்லை. பிற்பாடு திருத்தணி சென்னை மாநிலத்துக்குப் போனது. நாங்கள் இருந்த இடத்திலேயே இருந்தோம்.

பல வருஷம் கழித்து, செய்தித்தாள் அலுவலகத்தில் யுகோஸ்லாவியா உடைந்த செய்திகளைத் திருத்திக்கொண்டிருந்தபோது, வீடு வீடாகப் பெயர் எழுதிக்கொண்டு போனவர்களைப் பற்றி ஒரு வரி வந்தது. இட நெருக்கடியில் வெட்ட வேண்டிய வரி. வெட்டவில்லை. அதற்குள் மாமா இறந்துவிட்டிருந்தார்.

அன்று மாமா வழுக்கிவிட்டார் என்றே நினைத்திருந்தேன். வழுக்கியவர்கள் அம்மாவும் நைனாவும்தான். நோட்டோடு வந்த மனிதருக்கு ஒரு சொல்கூடத் தவறாமல் புரிய வேண்டும் என்று மாமா அவருடைய மொழியில் சொன்னார். அது அந்த அதிகாரியின் மொழியில்லை என்பது மட்டும்தான் மாமாவுக்குத் தெரியாது.