எண்ணெய் பூசாத ஜாப்

இரும்புத்தூள் வாசனை சோப்புப் போட்டாலும் போகாது. மதியம் தயிர்சோற்றைப் பிசைந்தால் சோறும் அதே வாசனை அடிக்கும். அம்பத்தூரில் எங்கள் அரசுப் பள்ளியின் பின்பக்கத் தகரக் கொட்டகையில் நடந்த தொழிற்பிரிவில் பையன்களுக்கு நடுவே தேவியும் நானும் மட்டும்தான் பெண்கள் என்பதால், இரும்பைக் கவ்விப் பிடிக்கும் ஒரே ‘வைஸி’ன் இரு பக்கமும் நின்று பிளஸ் ஒன், பிளஸ் டூ இரண்டு வருடமும் அரத்தால் இரும்பைத் தேய்த்துக்கொண்டிருந்தோம். மார்க் குறைந்தவர்களைத் தள்ளிவிடும் இடம் என்று ஊரே சொன்னது, பொய்யும் இல்லை. ஆனால் செய்முறைத் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கினால் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் வருடத்தில் சேரலாம். தேவியின் அம்மா எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டைக்குக் காஜா எடுப்பவர். "நேரா ரெண்டாவது வருசம் கெடச்சா படி, இல்லன்னா என்கூட கம்பெனிக்கு வந்துடு" என்று முன்பே சொல்லி வைத்திருந்தார்.

தேர்வுக்கு, ஒன்றுக்குள் ஒன்று பொருந்துகிற இரண்டு இரும்புத் துண்டுகளைச் செய்ய வேண்டும். அதுதான் ‘ஜாப்’. இரண்டையும் சேர்த்து வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பார்ப்பார்கள். இடுக்கில் வெளிச்சம் தெரிந்தால் மதிப்பெண் போச்சு. தேவிக்கு உள்ளங்கை எப்போதும் வேர்க்கும். வேர்வைக் கை பட்டால் இரும்பு துருப்பிடிக்கும் என்று சார் அவளைக் கேலி செய்துகொண்டே இருப்பார். அப்படிப்பட்டவளின் ஜாப்பில் மயிரிழை வெளிச்சம்கூடத் தெரியவில்லை என்று அதே சார் எல்லோருக்கும் தூக்கிக் காட்டினார். என்னுடையதில் நூல் போல ஒரு கோடு தெரிந்தது. எனக்கு வயிறு எரிந்தது, வேறென்ன சொல்ல.

தேர்வாளர் வந்து மதிப்பெண் போடும்வரை துருப்பிடிக்காமல் இருக்க, முடித்த ஜாப்புக்கெல்லாம் எண்ணெய் பூசிச் செய்தித்தாளில் சுற்றி வைப்பது வழக்கம். அன்றைக்கு அது என் முறை. கடைசியில் தேவியுடையது மிஞ்சியபோது டப்பாவில் எண்ணெய் தீர்ந்திருந்தது. பத்தடி தள்ளி லேத் மிஷின் பக்கத்தில் எண்ணெய்க் கேன் இருந்தது; நான் போகவில்லை. காய்ந்த இரும்பைக் காய்ந்த தாளில் சுற்றி வைத்துவிட்டேன்.

வெளியே நின்றிருந்த தேவி கேட்டாள்: "நஸ்ரீ, என்துக்கும் எண்ணெ போட்டியா?"

"போட்டேன்டி" என்றேன்.

மறுநாள் வரவேண்டிய தேர்வாளர் மூன்று நாள் கழித்துத்தான் வந்தார். அந்த மூன்று நாளும் ஏரிப்பக்கத்து ஈரக்காற்று கொட்டகைக்குள் வீசிக்கொண்டிருந்தது. பிரித்தபோது அவளுடையது மட்டும் சிவந்து கிடந்தது. தேர்வாளர் இரக்கப்பட்டு உப்புத்தாள் கொடுத்துத் தேய்க்கச் சொன்னார், தேய்த்தாள். துரு போயிற்று, பொருத்தமும் போயிற்று. தூக்கிப் பிடித்தபோது இடுக்கு முழுக்க வெளிச்சம். "நான்தான் சொன்னேனே, வேர்வைக் கைன்னு" என்றார் சார். தேவி தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்குப் பாலிடெக்னிக் கிடைத்தது. அவள் அம்மாவோடு கம்பெனி பஸ் ஏறினாள்.

இப்போது நான் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் தரப் பரிசோதனையில் இருக்கிறேன். அடுத்தவர் செய்ததில் குறை கண்டுபிடிப்பதற்குத்தான் சம்பளம். போன ஜூனில் தேவி பத்தாவது முடித்த தன் மகளை அழைத்துக்கொண்டு வந்து, உன்னைப் போல இவளும் வரட்டும், அதே பிரிவில் சேர்த்துவிடு என்று கேட்டாள். மூவரும் பள்ளிக்குப் போனோம். கொட்டகை இருந்த இடத்தில் ஆசிரியர்களின் வண்டிகள் நின்றன. சொல்லித்தர ஆள் இல்லாமல் அந்தப் பிரிவை மூடி வருடங்கள் ஆயிற்றாம்; இப்போது வாரம் ஒரு முறை திரையில் போட்டுக் காட்டும் திறன் வகுப்பு மட்டும்தானாம்.

வெளியே பஸ் ஸ்டாப்பில், தேவி மகளின் உள்ளங்கையைத் துப்பட்டாவால் துடைத்துவிட்டாள்.

"இவளுக்கும் என் கைதான் நஸ்ரீ, வேர்த்துகினே கீது. அன்னிக்கு இந்தக் கைதானே என்னக் கவுத்துச்சு."

பஸ் வந்தது, ஏறிவிட்டோம். எண்ணெய் போடவில்லை என்று அவளிடம் நான் இன்னும் சொல்லவில்லை. உங்களிடம்தான் முதலில் சொல்கிறேன்.