பாதிக்குப் பாதி கலந்த திரவம்

ஆய்வகத்தில் அவளைக் கையுறைக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். பதினோரு வருடமாகக் கண்ணாடிப் பெட்டிக்குள், கறுப்பு ரப்பர் கையுறைகளில் முழங்கை வரை கையை விட்டு, காற்றும் ஈரமும் படாமல் லித்தியம் பேட்டரி செல்களைச் செய்துவந்தவள். குழுத்தலைவர் அவளுடைய அக்கா புருஷன். வீட்டில் அத்தான், வேலையில் சார். இரண்டு இடத்திலும் அவரைக் கண்டால் அவளுக்கு ஆகாது. அவருக்கும் அப்படியே.

அந்த வருடம் அணு உலையிலிருந்து வரும் நியூட்ரான் கற்றைக் கருவியில் சோதனை செய்ய அவர்களுக்கு மூன்று நாள் கிடைத்தது. சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும் செல்லின் ஊடே நியூட்ரான்களைச் செலுத்தினால், லித்தியம் நுழைய நுழைய கிராஃபைட் மின்முனையின் அடுக்குகள் எப்படி விலகுகின்றன என்பது திரையில் முகடுகளாகத் தெரியும். ஆனால் செல்லுக்குள் ஊற்றும் திரவத்தில் சாதாரண ஹைட்ரஜன் இருந்தால் நியூட்ரான்கள் நாலாபுறமும் சிதறிப் படமே மூட்டமாகிவிடும். அதற்காகவே கன ஹைட்ரஜன் கொண்டு தயாரித்த திரவம் ஒரு சின்னப் புட்டி வரவழைத்திருந்தார்கள்.

“பாதிக்குப் பாதி சாதாரணத்தைக் கலந்துடு. ஆறு செல்லுக்கு வரும்,” என்றார் அத்தான்.

“கலந்தா ஒண்ணும் தெரியாது சார்.”

“படிச்சது நீயா, நானா?”

அவள் கலக்கவில்லை. முதல் செல்லைச் சுத்தமான திரவத்தால் நிரப்பி மூடிவிட்டுச் சாப்பிடப் போனாள். திரும்பி வந்தபோது மீதியை அவரே கலந்து வைத்திருந்தார். வாயைத் திறக்காமல் அது வந்தவரைக்கும் நாலு செல்லை நிரப்பினாள். முதல் செல்லில் மட்டும் ஒரு கீறல் போட்டுத் தனியே வைத்தாள்.

இரண்டு நாளும் திரையில் வெறும் மூட்டம். மூன்றாம் நாள் காலை, வெளியிலிருந்து வந்த நாலு பேர் முன்னால் அவர் சீறினார்.

“இவ கை லட்சணம் அப்படி. ஈரத்தை உள்ள விட்டிருக்கா.”

அவள் கீறல் போட்ட செல்லை, கற்றைக் கருவியை இயக்கும் கருவிக்காரரிடம் நீட்டினாள். மதியத்துக்குள் முகடுகள் ஊசி ஊசியாக எழுந்தன. சார்ஜ் ஏற ஏற ஒன்று தேய, பக்கத்தில் இன்னொன்று முளைத்தது.

“இதுவும் இதே கை செஞ்சதுதான். மத்ததுல கலந்தது யாருன்னு சொல்லுங்க அத்தான்.”

வேலையிடத்தில் அவரை அப்படி அழைத்தது அதுவே முதல் முறை. கருவிக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வந்தாள். வாசலிலேயே நின்று கத்தினாள்.

“நாலு பேர் முன்னாடி என் புருஷன் மானத்தை வாங்கிட்டியே, நல்லா இருப்பியாடி?”

“முதல் நாளே சொல்லியிருக்கலாம்க்கா. அவரா வாய விட்டு மாட்டட்டும்னுதான் சும்மா இருந்தேன்.”

அக்கா பளாரென்று அறைந்துவிட்டுப் போனாள்.

ஆய்வுக் கட்டுரை வெளிவந்தபோது அதிலிருந்த படம் அந்த ஒரே செல்லினுடையது. எழுதியவர்கள் பட்டியலில் அவள் பெயர் இல்லை. கையுறைக்காரி சண்டை போட்டு வேறு குழுவுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டாள். அக்கா இப்போது போனை எடுப்பதில்லை. இவளும் மூன்று தடவைக்கு மேல் அடிக்கவில்லை.